தொலைக்காட்சியும் தொட்டில் குழந்தையும்

“எங்கள் குழந்தைக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது. விளம்பரப் பாட்டு கேட்டால் போதும், எந்த அறையில் இருந்தாலும் தவழ்ந்து வந்து தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறான்” என்று பெருமிதத்துடன் கூறும் பெற்றோரை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். அந்தப் பெருமிதத்தில் தீய எண்ணம் ஏதும் இல்லை. தம் குழந்தை ஒன்றைக் கூர்ந்து நோக்குவதைக் கண்டால் எந்தத் தாய் தந்தையரும் மகிழவே செய்வர். ஆயினும், குழந்தை நோக்குகிறது என்பதும் குழந்தை கற்கிறது என்பதும் ஒன்றுதானா? இம்மாதப் பாடத்தில் நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் வினா இதுவே.

முதலில் அந்த நோக்கு எத்தகையது என்று காண்போம். திடீரென மாறும் ஒளியையும் ஒலியையும் நோக்கித் தலையைத் திருப்புவது உயிர்களின் இயல்பு. ருஷ்ய அறிஞர் பாவ்லவ் இதனை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியுள்ளார். காட்டில் இலை அசைந்தால் மான் நிமிர்ந்து பார்க்கிறதல்லவா, அதே இயல்பு கைக்குழந்தையிடமும் உண்டு. விளம்பரங்களில் காட்சி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் குழந்தையின் பார்வையைப் புதிதாக இழுக்கிறது. வளர்ந்தவர் சலித்துப்போய் எழுந்து செல்வார். பச்சிளங்குழந்தைக்கு அந்த ஆற்றல் இன்னும் கைவரவில்லை. ஆகவே குழந்தை பார்க்கிறது என்பதைவிட, குழந்தையின் பார்வை பிடித்து வைக்கப்படுகிறது என்று கூறுவதே பொருந்தும்.

“நாங்களும் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே?”

இந்தப் பொருள் குறித்துப் பெற்றோர்களிடம் உரையாடினால் முதலில் எழும் மறுப்பு இது. நியாயமான மறுப்புத்தான். ஆகவே சற்று வரலாற்றைப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அன்றாட ஒளிபரப்பு வந்தது 1965இல்தான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு என்று அது வகுக்கப்பட்டிருந்தது. தொட்டில் குழந்தைகளைக் கருதி அதில் எதுவும் இல்லை. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளின்போது வண்ண ஒளிபரப்பு வந்தது. 1987 ஜனவரியில் இராமாயணத் தொடர் தொடங்கியபோது நாடே ஞாயிறு காலையில் பெட்டியின் முன் அமர்ந்தது. தொடர் முடிந்ததும் எழுந்து தம் வேலையைப் பார்க்கச் சென்றது. வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை. அன்றைய தொலைக்காட்சிக்கு முடிவு என்று ஒன்று இருந்தது. நிகழ்ச்சி முடிந்தால் பெட்டியும் உறங்கும்.

1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகின. 1995இல் குழந்தைகளுக்கெனவே கேலிச்சித்திர அலைவரிசை வந்தது. இன்று தொலைக்காட்சியுடன் கைபேசியும் சேர்ந்துகொண்டது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு தானே தொடங்குகிறது. நிறுத்துபவர் எவரும் இல்லை. 1980களில் ஏழெட்டு வயதுச் சிறுவனாக வாரத்தில் சில மணி நேரம் பார்த்த தந்தையின் அனுபவத்தைக் கொண்டு, ஆறு மாதக் குழந்தை நாள்தோறும் பார்ப்பதை அளக்க இயலாது. வயதும் வேறு, அளவும் வேறு.

வயது ஏன் இத்துணை முக்கியம்? பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அளவே உள்ளது. முதல் ஓராண்டில் அது இரு மடங்காகிறது. மூன்று வயதுக்குள் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. வாழ்வின் வேறெந்தப் பருவத்திலும் இத்தகைய விரைவு இல்லை. மரியா மாண்டிசோரி அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போரின் காரணமாக 1946 வரை நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. பின்னர் அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1949இல் அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தன. குழந்தையின் மனத்தை ‘உறிஞ்சும் மனம்’ என்று அவர் அதில் அழைத்தார். நாம் கற்பிப்பதை மட்டும் குழந்தை எடுத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் இருப்பதையெல்லாம் தேர்வின்றி உள்ளிழுக்கிறது. எதைச் சுற்றிலும் வைக்கிறோம் என்பதில்தான் பெற்றோரின் பொறுப்பு இருக்கிறது.

“பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்வான்”

நம் வாசகர்களில் பலர் மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் வாழ்பவர்கள். வீட்டில் தாய்மொழி மறைந்துவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு உண்டு. “நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இந்தி பேசுகிறவர். தமிழ் அலைவரிசையையாவது ஓடவிட்டால் காதில் விழுந்துகொண்டிருக்குமே” என்று எண்ணுகிறார்கள். கவலை உயர்ந்தது. வழிதான் பயன் தருவதில்லை. இதனை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பட்ரீசியா குல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2003இல் அதனை வெளியிட்டனர். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒரு பிரிவினருக்குச் சீன மொழி பேசும் பெண்மணிகள் நேரில் வந்து பொம்மைகளைக் காட்டி, படப் புத்தகம் படித்து, நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை பேசி விளையாடினர். இன்னொரு பிரிவினருக்கு அதே பெண்மணிகள், அதே பொம்மைகள், அதே சொற்கள் திரையில் காட்டப்பட்டன. முடிவில், நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறிந்தனர். அம்மொழியிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு அவர்கள் குறைந்தவர்களாக இல்லை. திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. சிறிதளவு கற்றனர் என்றுகூடச் சொல்ல இயலவில்லை. சீன மொழியையே கேட்காத குழந்தைகளின் நிலையிலேயே அவர்கள் இருந்தனர்.

காரணம் யாது? மொழி என்பது காதில் விழும் ஒலி மட்டும் அன்று. குழந்தை ‘ங்கா’ என்கிறது. தாய் முகம் மலர்ந்து, ‘ங்காவா? பசிக்கிறதா என் கண்ணுக்கு?’ என்கிறாள். குழந்தை கையை ஆட்டுகிறது. தாய் அந்தக் கையைப் பற்றுகிறாள். இப்படி ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நிகழும் கொடுக்கல் வாங்கலில்தான் சொல் பிறக்கிறது. பிறந்த குழந்தையின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரு முழத்திற்கும் குறைவான தொலைவே ஓரளவு தெளிவாகத் தெரியும் என்கின்றனர் மருத்துவர்கள். பாலூட்டும் தாயின் முகம் குழந்தையிடமிருந்து இருக்கும் தொலைவும் அதுவே. திரையில் தோன்றும் முகம் எவ்வளவு இனிமையாகச் சிரித்தாலும் குழந்தையின் ‘ங்கா’வுக்காக ஒரு கணமும் காத்திருப்பதில்லை.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. அதனையும் சொல்லியாக வேண்டும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது மேற்கூறிய வகையைச் சேர்ந்ததன்று. அங்கே குழந்தை சிரித்தால் பாட்டி சிரிக்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார், காத்திருந்து பதில் தருகிறார். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நிகழ்த்தி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்பே பதிவு செய்த காட்சியைவிட இவ்வாறு நேருக்கு நேர் நிகழும் உரையாடலிலிருந்து குழந்தைகள் கற்றனர் என்று கண்டனர். தில்லியில் இருக்கும் குழந்தைக்குத் தமிழ் வர வேண்டுமாயின், நாள்தோறும் பத்து நிமிடம் கும்பகோணத்துப் பாட்டியின் குரல் போதிய உதவி செய்யும். நாள் முழுதும் ஓடும் தமிழ் அலைவரிசை செய்யாது.

பெற்றோரின் மதிப்பீடு எங்கே பிசகுகிறது?

“இல்லை, எங்கள் குழந்தை உண்மையிலேயே அதிலிருந்து கற்றுக்கொண்டது, நாங்கள் கண்ணால் கண்டோம்” என்று உறுதியாகக் கூறும் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்களுடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே நமக்குப் பெரிதும் உதவுகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூடி டிலோச் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதக் குழந்தைகளுக்கு, வீட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்பிப்பதாக விற்கப்பட்ட வீடியோ ஒன்றை நான்கு வாரங்கள் காட்டச் செய்தனர். சிலர் தனியே பார்த்தனர். சிலர் பெற்றோருடன் பார்த்தனர். மூன்றாவது பிரிவில் வீடியோ இல்லை. அதே சொற்களின் பட்டியல் பெற்றோரிடம் தரப்பட்டு, அன்றாட வேலைகளின் நடுவே இயல்பாகச் சொல்லித் தருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. வீடியோ பார்த்த குழந்தைகள், ஒன்றுமே செய்யப்படாத குழந்தைகளைவிட அதிகமாகக் கற்கவில்லை. மிகுதியாகக் கற்றவர்கள் பெற்றோர் சொல்லித் தந்த குழந்தைகளே.

இதைவிடச் சிந்திக்கத்தக்கது மற்றொரு முடிவு. எந்தப் பெற்றோருக்கு அந்த வீடியோ பிடித்திருந்ததோ, அவர்களே தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினர். அந்த நம்பிக்கைக்கும் குழந்தை உண்மையில் கற்றதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பதினைந்து மாதக் குழந்தை நாள்தோறும் புதுச் சொல் கற்கும் பருவத்தில் இருக்கிறது. அது எங்கிருந்தோ கற்கிறது. நாம் அதற்கான பெருமையைத் திரைக்குத் தந்துவிடுகிறோம். உண்மையில் அச்சொல்லைத் தந்தது குளிப்பாட்டும்போது “தண்ணி, தண்ணி” என்று கூறிய பாட்டியாக இருக்கலாம்.

கைக்குழந்தைகளை அறிவாளிகளாக்கும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தி உலகெங்கும் விற்பனையான ‘பேபி ஐன்ஸ்டீன்’ வீடியோக்களுக்கு, அவற்றை விற்ற டிஸ்னி நிறுவனம் 2009இல் வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 2008இல், பிரான்சு நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குறிவைக்கும் நிகழ்ச்சிகளை அந்நாட்டு அலைவரிசைகள் விளம்பரப்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது.

“பக்திப் பாடல்தானே ஓடுகிறது?”

இந்தக் கருத்தை நம் இல்லங்களில்தான் மிகுதியாகக் கேட்கிறோம். எனவே சற்று விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஆன்மிக அலைவரிசைகள் பல தோன்றின. பால கிருஷ்ணனும் பால கணபதியும் பால அனுமனும் கேலிச்சித்திர வடிவில் வந்தனர். “கண்ட கண்ட திரைப்பாடலைக் காட்டவில்லை, பஜனையும் புராணமும்தான் காட்டுகிறோம். நல்ல சம்ஸ்காரம்தானே படியும்?” என்கின்றனர் பெற்றோர்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இது ஓரளவு பொருந்தும். கதையின் தொடக்கமும் முடிவும் அதற்குப் புரிகின்றன. ஆனால் பத்து மாதக் குழந்தைக்குக் கண்ணன் வெண்ணெய் திருடுவதும் பற்பசை விளம்பரமும் ஒன்றே. இரண்டும் விரைந்து மாறும் வண்ணங்கள், அவ்வளவே. பொருள் புனிதமானது என்பதால் அது மனத்தில் இறங்கும் வழி மாறிவிடுவதில்லை.

அபிமன்யு கருவிலேயே சக்கரவியூகத்தைக் கேட்டான் என்ற கதையை இவ்விடத்தில் சிலர் எடுத்துக்காட்டுவர். அக்கதையிலும் பேசியவர் அருகில் இருந்த ஒருவரே, கேட்டவள் தாய். நம் மரபில் சம்ஸ்காரம் என்பது எப்போதும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வந்திருக்கிறது. பாட்டி விளக்கேற்றும்போது மடியில் இருக்கும் குழந்தை சுடரைப் பார்க்கிறது, மணியோசையைக் கேட்கிறது, பாட்டியின் கைகளைப் பார்த்துத் தானும் கைகூப்புகிறது. அவர் பாடும் பாட்டில் சுருதி பிசகலாம். குழந்தைக்கு அதுபற்றிக் கவலை இல்லை. அது தட்டும் தாளத்திற்கு ஏற்பப் பாட்டி பாட்டின் வேகத்தைக் குறைப்பார், கூட்டுவார். எத்துணைத் தேர்ந்த பாடகரின் பதிவும் இதைச் செய்ய இயலாது.

மற்றொன்றும் கூற வேண்டும். பெரியவர்கள் கேட்பதற்காகச் சொற்பொழிவையோ செய்தியையோ நாள் முழுதும் ஓடவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. “குழந்தை அதைப் பார்ப்பதே இல்லை; தன் பாட்டுக்கு விளையாடுகிறது” என்பர். 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் ஐம்பது பேரை ஓர் அறையில் பொம்மைகளுடன் விளையாடவிட்டு, அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டனர். குழந்தைகள் அவ்வப்போது சில விநாடிகள் மட்டுமே திரையைப் பார்த்தனர். அப்படியிருந்தும் அவர்களுடைய விளையாட்டு துண்டு துண்டாயிற்று. ஒரு பொம்மையில் ஆழ்ந்திருக்கும் நேரம் குறைந்தது. அதனைத் தொடர்ந்து வந்த மற்றோர் ஆய்வு, பின்னணியில் தொலைக்காட்சி ஓடும்போது பெற்றோர் குழந்தையுடன் பேசுவதும் குறைகிறது என்று காட்டியது. திரை பாதித்தது குழந்தையை மட்டுமன்று. அதன் அருகில் அமர்ந்திருந்த தாய் தந்தையரையும்தான்.

ஒரு மரக் கரண்டியையும் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தட்டி, கவிழ்த்து, உள்ளே எட்டிப் பார்க்கும் குழந்தை செய்வது சிறிய செயலன்று. மன ஒருமைக்காகப் பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் பயில்கிறோம். அந்த ஒருமையின் முதல் முளை அந்தக் கரண்டியில் இருக்கிறது. அதனைச் சொற்பொழிவின் ஒலியாலேயே கலைத்துவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

“அதைப் போட்டால்தான் சாப்பிடுகிறான்”

இது கருத்தன்று, முறையீடு. ஊட்டும் நேரத்தில் தாய்மார்கள் படும் பாட்டை அறிந்தவர் எவரும் இதனை எளிதாகத் தள்ளிவிட மாட்டார். திரையில் பாட்டு ஓடும்போது குழந்தை வாயைத் திறப்பது உண்மை. ஆனால் அது உண்பதை அறியாமல் உண்கிறது. பசி எப்போது அடங்கியது, இட்லி மென்மையா, பருப்பு சூடா என்பதொன்றும் அதற்குத் தெரிவதில்லை. தன் வயிற்றின் குரலைக் கேட்டு ‘போதும்’ என்று தலையைத் திருப்புவதும் குழந்தை கற்க வேண்டிய ஒன்றே. இணை உணவு ஊட்டுவது குறித்து 2003இல் வெளியிடப்பட்ட உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும், குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசியபடி, பொறுமையாக, கவனம் சிதறாமல் ஊட்டுமாறு கூறுகின்றன. நிலாவைக் காட்டி ஊட்டியது கவனச் சிதறல் இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. நிலா நகர்ந்துகொண்டே பாட்டுப் பாடுவதில்லை. நிலாவைக் காட்டியவள் தாய். குழந்தையின் நோக்கு நிலாவுக்கும் அவள் முகத்துக்குமாகச் சென்று திரும்பியது.

“எனக்கு வேறு துணை இல்லை”

எல்லாக் கருத்துகளிலும் இதுவே உண்மை மிகுந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு எட்டு மடிகள் இருந்தன. இன்று புனேயிலோ குருகிராமிலோ அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் ஒரு தாய் தனியே இருக்கிறாள். சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், சில வேளை அலுவலகப் பணியையும் வீட்டிலிருந்தே முடிக்க வேண்டும். அரை மணி நேரம் திரையைப் போட்டுவிட்டு அவள் அடுப்பைக் கவனித்தால், அவளைக் குறைகூறும் உரிமை எவருக்கு இருக்கிறது? “குழந்தைக்கு டி.வி. காட்டாதே” என்று அறிவுரை கூறும் உறவினர், அந்த அரை மணி நேரம் குழந்தையைத் தாம் தூக்கி வைத்துக்கொண்டால் அறிவுரையே தேவைப்படாது. அலுவலகத்திலிருந்து வந்ததும் கைபேசியைக் கையில் எடுக்கும் தந்தையருக்கும் இது பொருந்தும்.

தனியே இருக்கும் தாய்மார்கள் சமையலறையிலேயே ஒரு மூலையில் பாய் விரித்து, கூர்மையில்லாத பாத்திரங்கள், மூடிகள், பெரிய மரக் கரண்டி, சன்னபட்டண மர பொம்மை போன்றவற்றை ஒரு கூடையில் வைத்துக் கொடுக்கலாம். அடுப்பும் சூடான பொருளும் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். வேலை செய்தபடியே “அம்மா வெண்டைக்காய் நறுக்குகிறேன், இதோ பார் பச்சை” என்று பேசிக்கொண்டிருக்கலாம். பதில் வராத பேச்சுப்போலத் தோன்றினும் அது வீணாவதில்லை. ஒரே வளாகத்தில் வாழும் இரண்டு மூன்று தாய்மார்கள் முறைவைத்து ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம். நம் சத்சங்கக் குழுக்கள் இதற்கு உதவ முடியும். வாராந்தர வழிபாட்டுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

மருத்துவர்கள் கூறுவது என்ன?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1999இலேயே இரண்டு வயதுக்குட்பட்டோர் தொலைக்காட்சி பார்ப்பதைத் தவிர்க்குமாறு கூறியது. உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரை கூடவே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், குறைவாக இருப்பின் இன்னும் நன்று என்று வரையறுத்தது. அத்துடன் ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளில் 11 முதல் 14 மணி நேரம் உறக்கம் தேவை என்றும் அது கூறுகிறது. திரை தின்பது பெரும்பாலும் இந்த உறக்கத்தையும் ஓடியாடும் நேரத்தையும்தான். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் வகுத்து 2022இல் வெளிவந்த நெறிமுறையும், உறவினருடன் எப்போதாவது முகம் பார்த்துப் பேசுவதைத் தவிர, இரண்டு வயது வரை எவ்வகைத் திரையும் வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க அதிகபட்சம் ஒரு மணி நேரம். ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள்.

இங்கே அச்சத்தை மிகைப்படுத்துவோரையும் எச்சரிக்க வேண்டியுள்ளது. முதல் மூன்றாண்டுகளில் மிகுதியாகப் பார்த்த குழந்தைகளுக்கு ஏழு வயதில் கவனக் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டதாக 2004இல் ஓர் ஆய்வு கூறியது. அதே விவரங்களைப் பின்னர் மறு ஆய்வு செய்தோர் அத்தொடர்பு அத்துணை வலுவானதன்று என்றனர். தொலைக்காட்சியே ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று பரப்பப்படும் கூற்றுக்கும் உறுதியான சான்று இல்லை. இதில் ஓர் ஆபத்தும் உள்ளது. ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையை, “எல்லாம் டி.வி.யால் வந்தது, நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருப்போர் உள்ளனர். ஒரு வயதளவில் ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் ‘அம்மா வா’ என்பதுபோல இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும் இயல்பு. இவை வராவிடில் திரையை நிறுத்துவதோடு, காலம் தாழ்த்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுவதே முறை. காதின் கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்னும் அரசுத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கண்டறிந்து உதவும் மாவட்ட மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டால் வழிகாட்டுவார்.

இரண்டு வயதுக்குப் பின்

மூன்று வயதை எட்டிய குழந்தை திரையிலிருந்து ஓரளவு கற்க இயலும். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செசமி ஸ்டிரீட்’ மூன்று முதல் ஐந்து வயதினருக்கு எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க உதவியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன் இந்தி வடிவம் 2006இல் நம் நாட்டிலும் வந்தது. ஆனால் எந்த நிகழ்ச்சி என்பதில் கவனம் தேவை. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு வயதுக் குழந்தைகள் ஒன்பது நிமிடம் மட்டும் மிக விரைவாக நகரும் கேலிச்சித்திரம் ஒன்றைப் பார்த்தனர். உடனே வைத்த பொறுமை, கவனம் ஆகியவற்றுக்கான சோதனைகளில், அதே நேரம் படம் வரைந்த குழந்தைகளைவிட அவர்கள் பின்தங்கினர். அந்த விளைவு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அதில் அளக்கப்படவில்லை. இருப்பினும், பார்த்து முடித்த உடனே படுக்கைக்கோ பாடத்துக்கோ அழைத்தால் குழந்தை ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது இதனால் ஓரளவு விளங்கும்.

மெதுவாக நகரும் ஒரு கதையைத் தேர்ந்து, உடன் அமர்ந்து பார்த்து, முடிந்ததும் குழந்தையின் கையாலேயே அணைக்கச் செய்யலாம். பிறகு “யானை ஏன் அழுதது?” என்று கேட்கலாம். குழந்தை தன் போக்கில் வேறு ஒரு கதை சொல்லும். திருத்த வேண்டாம்.

ஏற்கெனவே பழகிவிட்ட குழந்தையிடம் நிறுத்தும்போது முதல் சில நாள்கள் அழுகை இருக்கும். அந்த நாள்களில் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். ஒருவர் மறுத்ததை மற்றவர் கொடுத்தால் அழுகையே குழந்தையின் கருவியாகிவிடும். பெட்டியைக் கூடத்திலிருந்து ஓர் அறைக்கு மாற்றலாம். இயலாவிடில் ஒரு துணியால் மூடி வைக்கலாம். பெரியவர்களின் நிகழ்ச்சிகளைக் குழந்தை உறங்கும் வேளைக்குத் தள்ளலாம். தாத்தா எட்டு மணிச் செய்தியைப் பல ஆண்டுகளாகத் தவறவிட்டதில்லை எனில், பேரக் குழந்தை உறங்கிய பின் ஒன்பது மணிச் செய்தியைக் கேட்கலாமா என்று அவரிடம் மரியாதையுடன் கேட்டுப் பாருங்கள். காரணத்தைக் கூறினால் பெரும்பாலான தாத்தாக்கள் மறுப்பதில்லை. எட்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் பணியையும் அவரிடமே விட்டுவிடலாம்.